சின்னக் கணினிக்கு நெட் முகவரி: கேபிள், வைஃபை, போன் மூன்றுக்கும் தனித்தனியாக அமைப்பது எப்படி?

நவம்பர் மாதம் நம் கிராமங்களுக்கு இரண்டு வகையில் முக்கியமானது. ஒன்று, வடகிழக்குப் பருவமழை. மற்றொன்று, மத்திய அரசு ஓய்வூதியர்கள் 'ஜீவன் பிரமாண்' எனும் வாழ்நாள் சான்றிதழைக் கொடுக்க வேண்டிய மாதம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு. வாழ்நாள் சான்றிதழுக்கு வழக்கமான கடைசி நாளும் அதேதான். ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் பகுதி கிராமங்களுக்குள் புகுந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் கிராமத்துப் பொதுச் சேவை மையத்திலோ, நூலகத்திலோ, மகளிர் குழு அலுவலகத்திலோ இருக்கும் ஒரே ஒரு கணினியில் "நெட் வரல" என்று ஆகிவிட்டால் என்ன செய்வது? கையில் போன் இருக்கிறது, போனில் சிக்னலும் இருக்கிறது. ஆனால் போனைக் கணினியில் செருகினாலும் நெட் வரவில்லை. பல நேரம் இதற்குக் காரணம் கணினியின் பழுது அல்ல, முகவரி அமைப்பில் உள்ள குழப்பம்தான். அதைச் சரிசெய்யும் வழியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பாடத்துக்கு எடுத்துக்கொள்வது, உள்ளங்கை அளவே உள்ள ராஸ்பெர்ரி பை என்ற லினக்ஸ் கணினி. 2012 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியான இது குறைந்த மின்சாரத்தில் ஓடும். இதே அடிப்படை மற்ற லினக்ஸ் கணினிகளுக்கும் பொருந்தும். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் அடக்கம்.

வில்லியனூருக்கு இது புதுசு இல்லை

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் நடுநிலையம், எம்பலம், கிழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளை மையங்கள். தொலைபேசி இணைப்பு எல்லா ஊருக்கும் சரியாக எட்டாத காலம் அது. அதனால் தொலைபேசிக் கம்பி ஒரு வழி, ரேடியோ அலை இன்னொரு வழி என்று இரண்டையும் கலந்து தகவல் அனுப்பினார்கள். கரண்ட் போனால் சோலார். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி நாளில் நல்லவாடு கிராமத்து மையத்தின் ஒலிபெருக்கி மூலம் சொன்ன எச்சரிக்கை, பலரின் உயிரைக் காப்பாற்றியது.

ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி தயாராக இருக்க வேண்டும் என்பது அன்றே கற்ற பாடம். இன்று நம் சின்னக் கணினியிலேயே மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றைத் தயாராக வைப்பது மட்டும்தான் நம் வேலை.

முகவரி என்பது சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி

நெட்டில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும். அதுதான் ஐபி முகவரி. 192.168.1.105 என்பது போல நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம்.

இந்த எண்ணை யார் கொடுப்பது? பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விட்டதும் டோக்கன் தருகிறார்கள். வண்டியை எடுக்கும்போது டோக்கனைத் திருப்பிக் கொடுக்கிறோம். அதே எண் அடுத்தவருக்குப் போகிறது. நெட்டில் இந்த வேலையைச் செய்வது டிஹெச்சிபி என்ற முறை. இன்று நடைமுறையில் உள்ள அதன் விதிகள் 1997-இல் வந்தவை. வீட்டில் ரவுட்டர்தான் டோக்கன் கொடுப்பவர். போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் உங்கள் போனே டோக்கன் கொடுப்பவர்.

பேச்சு நான்கே வார்த்தைதான்:

1. கணினி: "இங்கே முகவரி கொடுக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?"
2. ரவுட்டர்: "நான் இருக்கேன். 105 காலியா இருக்கு, வேணுமா?"
3. கணினி: "சரி, அதையே கொடுங்க."
4. ரவுட்டர்: "கொடுத்தாச்சு. இத்தனை மணி நேரத்துக்கு உங்களுது."

முகவரியோடு வேறு இரண்டு விவரங்களும் சேர்ந்து வரும். ஒன்று, வெளி உலகத்துக்குப் போகும் வாசல் எது என்பது. இதை கேட்வே என்பார்கள். இன்னொன்று, இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் எங்கே என்பது. கொடுத்த நேரத்தில் பாதி கழிந்ததுமே கணினி தானாகவே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே இதைப் பார்க்கலாம். வைஃபை அமைப்புக்குப் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு, விவரங்களைத் திறங்க. ஐபி முகவரி, கேட்வே எல்லாம் அங்கே இருக்கும். திருத்தும் பகுதியில் 'ஐபி செட்டிங்ஸ்' என்ற இடத்தில் டிஹெச்சிபி, ஸ்டாட்டிக் என இரண்டு தேர்வுகள் தெரியும். முதலாவது தானாக வாங்குவது. இரண்டாவது நாமே கையால் எழுதுவது.

ஒவ்வொரு வழிக்கும் தனி டோக்கன்

பலரும் குழம்புவது இங்கேதான். முகவரி கணினிக்கு ஒன்று என்று நினைக்கிறோம். உண்மையில் அது கணினியின் ஒவ்வொரு இணைப்பு வாசலுக்கும் தனித்தனி. இந்த வாசலை இன்டர்ஃபேஸ் என்பார்கள். ராஸ்பெர்ரி பை-யில் பொதுவாக மூன்றைக் காணலாம்:

• ஈத்0 – கேபிள் செருகும் இடம்.
• டபிள்யூலேன்0 – உள்ளே இருக்கும் வைஃபை.
• யூஎஸ்பி0 – யூஎஸ்பி ஒயரில் போனைச் செருகி டெதரிங் போட்டால் தோன்றுவது.

சில கணினிகளில் இந்தப் பெயர்கள் நீளமாக வேறு மாதிரி இருக்கும். வேலை ஒன்றுதான்.

ஒரு ஸ்டாண்டுல வாங்கின டோக்கன் இன்னொரு ஸ்டாண்டுல செல்லாது. அதேபோல கேபிளுக்கு ரவுட்டர் கொடுத்த முகவரியை வைத்து, போன் வழியாக வெளியே போக முடியாது. போன் வழிக்குப் போனிடமே டோக்கன் வாங்க வேண்டும். ஆகவே மூன்று வாசலும் "தானாக வாங்கு" என்று இருந்தால், எந்த வழி கிடைத்தாலும் கணினி பிழைத்துக்கொள்ளும். யாரோ முன்பு ஒரு வாசலில் கையால் எண் எழுதி வைத்துவிட்டால், ரவுட்டரை மாற்றிய அன்றே அந்த வழி அடைபட்டுவிடும்.

செய்முறை: மெனு வழியாக

2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பு முதல், ராஸ்பெர்ரி பை-யில் இந்த வேலையை நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள் பார்க்கிறது. இதற்கு எளிய மெனு உண்டு.

படி 1: டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறங்கள். முதலில் சூடோ, ஓர் இடைவெளி, பிறகு என்-எம்-டி-யூ-ஐ என்ற ஐந்து எழுத்துகள். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். மெனு வரும். இதில் மவுஸ் வேண்டாம். அம்புக்குறி, டேப், என்டர் போதும்.

படி 2: 'எடிட் எ கனெக்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்புகளின் பட்டியல் தெரியும். கேபிள் பெரும்பாலும் 'வயர்டு கனெக்ஷன் 1' என்று இருக்கும். போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்ட பிறகு 'வயர்டு கனெக்ஷன் 2' என்று ஒன்று சேரலாம்.

படி 3: ஒவ்வொன்றாகத் திறந்து, பெயரைப் புரியும்படி மாற்றுங்கள். முதலாவதுக்குக் 'கேபிள்', இரண்டாவதுக்குப் 'போன்' என்று ஆங்கில எழுத்தில் வைத்தால் போதும். நாளைக்கு வேறொருவர் வந்து பார்த்தாலும் புரியணும் இல்லையா?

படி 4: 'டிவைஸ்' என்ற கட்டத்தைக் கவனியுங்கள். கேபிள் இணைப்பில் ஈத்0 என்றும், போன் இணைப்பில் யூஎஸ்பி0 என்றும் எழுதுங்கள். இந்தக் கட்டம் காலியாக இருந்தால், கேபிளுக்கு என்று செய்த அமைப்பு போன் வாசலில் போய் ஒட்டிக்கொள்ளலாம். "நேத்து சரியா இருந்துச்சு, இன்னிக்கு மாறிடுச்சு" என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 5: 'ஐபிவி4 கான்ஃபிகரேஷன்' என்ற வரியில் 'ஆட்டோமேட்டிக்' இருக்க வேண்டும். 'மேனுவல்' என்று இருந்தால் மாற்றுங்கள். அதோடு நிற்காமல் பக்கத்தில் உள்ள 'ஷோ' என்பதை அழுத்தி, பழைய முகவரி ஏதாவது எழுதியிருந்தால் நீக்குங்கள். நீக்காவிட்டால் புது முகவரியோடு பழையதும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும்.

படி 6: 'ஆட்டோமேட்டிகலி கனெக்ட்' என்ற இடத்தில் குறி இருக்கிறதா என்று பார்த்து, ஓகே கொடுத்து வெளியே வாருங்கள்.

படி 7: மாற்றம் உடனே நடைமுறைக்கு வராது. முதல் மெனுவில் 'ஆக்டிவேட் எ கனெக்ஷன்' போய், அந்த இணைப்பை ஒருமுறை அணைத்து மறுபடி இயக்குங்கள். வேறு இடத்திலிருந்து நெட் வழியாக இந்தக் கணினியில் வேலை செய்பவர்கள் கவனம்: நீங்கள் பயன்படுத்தும் வழியையே அணைத்தால் உங்கள் தொடர்பும் அறுந்துவிடும்.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு: 2023-க்கு முந்தைய ராஸ்பெர்ரி பை-யில் இந்த மெனு இருக்காது. அங்கே இ-டி-சி என்ற அடைவில் டிஹெச்சிபிசிடி புள்ளி கான்ஃப் என்ற கோப்பு இருக்கும். எல்லா வாசலும் தானாக வாங்குவதுதான் அதன் இயல்பு நிலை. 'ஸ்டாட்டிக்' என்று தொடங்கும் வரிகளை யாராவது சேர்த்திருந்தால், அவற்றின் முன்னால் # குறி போட்டுவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும்.

மூன்று வழியும் திறந்திருந்தால் எதில் போகும்?

இப்போது கேபிள், போன் இரண்டும் முகவரி வாங்கிவிட்டன. கணினி எதன் வழியாக வெளியே போகும்? இதற்கு மெட்ரிக் என்ற எண் உண்டு. எண் குறைவாக உள்ள வழிக்கு முதலிடம். நெட்வொர்க் மேனேஜர் இயல்பாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கிறது.

சிக்கல் என்னவென்றால், யூஎஸ்பி போனையும் அது கேபிள் வகை என்றே நினைக்கிறது. அதனால் போனுக்கும் 100-ஐ ஒட்டிய எண்தான் கிடைக்கும். எது முந்தும் என்று சொல்ல முடியாது. கேபிள் இருக்கும்போதே போன் டேட்டா தீரலாம். இதைத் தவிர்க்கப் போனுக்கு 700 கொடுங்கள். டெர்மினலில் ஒரே வரி: சூடோ, என்எம்சிஎல்ஐ, கனெக்ஷன், மாடிஃபை, போன், ஐபிவி4.ரூட்-மெட்ரிக், 700. ஏழு துண்டுகளுக்கும் நடுவில் ஒவ்வோர் இடைவெளி. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. ஐந்தாவதாக வருவது, படி 3-இல் நீங்கள் வைத்த பெயர். அதை வைத்தபடியே எழுதுங்கள். பிறகு அந்த இணைப்பை அணைத்து இயக்குங்கள்.

இது ஐபிவி4-க்கு மட்டும்தான். போன் நிறுவனங்கள் ஐபிவி6 முகவரியும் கொடுப்பதுண்டு. கேபிளில் அது இல்லாவிட்டால் சில தளங்கள் போன் வழியாகவே திறக்கும். எனவே தேவையில்லாத நேரத்தில் டெதரிங்கை அணைத்து வைப்பதே டேட்டாவுக்கு நல்லது.

மழை நாளில் நடப்பது இதுதான்

ஊருக்கு வெளியே எங்கோ ஃபைபர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் கரண்ட் இருக்கிறது, ரவுட்டரில் பச்சை விளக்கும் எரிகிறது. ரவுட்டர் முகவரியும் கொடுக்கிறது. ஆகவே கணினியைப் பொறுத்தவரை கேபிள் வழி நன்றாகத்தான் இருக்கிறது! மெட்ரிக் குறைவு என்பதால் எல்லாவற்றையும் அதிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். போனைச் செருகியும் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

தீர்வு மிக எளிது. கேபிளைக் கழற்றிவிடுங்கள். அந்த வழி உடனே பட்டியலிலிருந்து நீங்கும், கணினி போன் வழிக்கு மாறும். ஃபைபர் சரியானதும் கேபிளைத் திரும்பச் செருகினால், 100 என்ற எண் காரணமாகத் தானாகவே அதற்கு மாறிக்கொள்ளும். வரிசையில் நிற்கும் பெரியவர்களை "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பும் முன், இந்த ஒன்றைச் செஞ்சு பாருங்க.

பிரின்டருக்கு மட்டும் கேபிள் என்றால்

சில மையங்களில் நெட் போன் வழியாக வரும். கேபிள் பிரின்டருக்கு மட்டும். அப்போது கேபிள் வழியைக் கணினி வெளி உலக வாசல் என்று நினைக்கக் கூடாது. மெனுவில் கேபிள் இணைப்பைத் திறந்து, 'நெவர் யூஸ் திஸ் நெட்வொர்க் ஃபார் டிஃபால்ட் ரூட்' என்ற இடத்தில் குறி போடுங்கள். பிரின்டரும் வேலை செய்யும், நெட்டும் போன் வழியே போகும்.

பிரின்டருக்கு எப்போதும் ஒரே முகவரி வேண்டும் என்றால், பிரின்டரில் கையால் எழுதாமல் ரவுட்டரில் அந்த எண்ணை அதற்கென ஒதுக்கி வைப்பது பாதுகாப்பு. இதை அட்ரஸ் ரிசர்வேஷன் என்பார்கள். ஒரே எண் இரண்டு கருவிகளுக்குப் போகாது.

ஊருக்கே பகிர்ந்து கொடுக்கலாம், ஆனால்...

அதே மெனுவில் 'ஷேர்டு' என்ற தேர்வும் உண்டு. அதைப் போட்டால் அந்த வாசலில் நம் கணினியே டோக்கன் கொடுப்பவராக மாறும். யூஎஸ்பி0-வில் போனிடம் முகவரி வாங்கி, டபிள்யூலேன்0 வழியாகச் சுற்றியிருக்கும் போன்களுக்கு வைஃபை கொடுக்கலாம். அப்படி இணையும் போன்களுக்கு 10.42 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். வெள்ள நேரத்தில் நிவாரண முகாமில் இது பயன்படும். கடவுச்சொல் கட்டாயம் வையுங்கள்.

எச்சரிக்கை: ஏற்கெனவே ரவுட்டர் உள்ள கேபிளில், அதாவது ஈத்0-வில், 'ஷேர்டு' போடவே கூடாது. ஒரே ஸ்டாண்டுல ரெண்டு பேர் டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கட்டடத்தில் உள்ள எல்லாக் கணினிகளும் குழம்பிவிடும்.

நெட் வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

1. முகவரி இருக்கிறதா? டெர்மினலில் ஐபி, இடைவெளி, அட்ரஸ் என்று தட்டுங்கள். வாசல் ஒவ்வொன்றின் கீழும் அதன் முகவரி தெரியும். பழைய பதிப்பில் 169.254 என்று தொடங்கினால், டோக்கன் கொடுக்க யாரும் இல்லை என்று பொருள். புதிய பதிப்பில் சுமார் 45 நொடி காத்திருந்துவிட்டு, முகவரியே இல்லாமல் விட்டுவிடும். இரண்டுக்கும் முதலில் கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

2. எந்த வழி முதலில்? ஐபி, இடைவெளி, ரூட் என்று தட்டுங்கள். 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரிகளில் மெட்ரிக் எண் குறைவாக உள்ளதுதான் இப்போது நடக்கும் வழி.

3. இரண்டு வாசலுக்கும் முகவரியின் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா? எடுத்துக்காட்டாக இரண்டுமே 192.168.1 என்று தொடங்கினால் கணினிக்குத் திசை தெரியாது. ஒரு ரவுட்டரின் அமைப்பில் 192.168.5 என்பது போல மாற்றுங்கள்.

4. வெளியே எட்டுகிறதா? பிங், இடைவெளி, 8.8.8.8 என்று தட்டுங்கள். நிறுத்த கன்ட்ரோல், சி. இது பதில் தந்தும் இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால், டிஎன்எஸ்-இல் கோளாறு இருக்கலாம்.

5. தேதி சரியா? பல சின்னக் கணினிகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்ததும் நேரம் பின்தங்கியிருக்கும். நேரம் தவறாக இருந்தால் அரசு இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்காது. நெட் கிடைத்ததும் சில நிமிடங்களில் நேரம் தானாகச் சரியாகும், கொஞ்சம் பொறுங்கள்.

மழைக்கு முன் ஒரு பயிற்சி

வெயில் நாளிலேயே, கூட்டம் இல்லாத நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். கேபிளைக் கழற்றுங்கள். போனைச் செருகி டெதரிங் போடுங்கள். முகவரி வருகிறதா, ஓர் அரசு இணையதளம் திறக்கிறதா என்று பாருங்கள். மீண்டும் கேபிளைச் செருகி, பழைய வழிக்குத் திரும்புகிறதா என்றும் சரிபாருங்கள். பத்து நிமிட வேலைதான். வேலை செய்த அமைப்பை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்: எந்த வாசல், என்ன பெயர், என்ன மெட்ரிக், எந்த ஒயர்.

மையத்தை நடத்துபவர் மட்டும்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. சென்டாக் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் வந்து நிற்கும் மாணவருக்கும், சான்றிதழுக்கு வரும் விவசாயிக்கும் இது தெரிந்திருந்தால், கையில் உள்ள போனே அந்த மையத்தின் இரண்டாவது வழி ஆகும்.